ஒரு சுற்று குறைந்த நாடா

மதினி,

இன்று காலை ஒருவர் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தேன், உங்கள் வாடை அடித்தது. பழைய எண்ணெயும் கருகிய வார்னிஷும் கலந்த அந்த வாடை. பத்து வருடத்துக்கு மேல் உங்கள் சேலையில், தலையணையில், நீங்கள் பிசைந்து வைத்த சோற்றில்கூட அது இருந்தது. எனக்கு அப்போது பிடிக்காது. உங்கள் சேலைகளைத் தனி வாளியில் ஊறப்போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அலசுவேன். இன்றைக்குச் சாக்கின் வாயைப் பிடித்தபடி தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

வந்தவர் மலையாளம் பேசும் புனலூர்க்காரர். அவருடைய மாமனார் வைத்திருந்த பழைய காராம், ஆறு வோல்ட்டாம். அதைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பன்னிரண்டுக்கு மாற்றித் தர வேண்டும் என்று நாலு வருடத்துக்கு முன் யாரோ உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதுதான் அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

"சேச்சி இல்லே?" என்று கேட்டார்.

"சேச்சி போயி எட்டு மாசம் ஆச்சு" என்றேன்.

"ஐயோ, நான் அறிஞ்ஞில்ல." வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "இனி ஆரு செய்யும்?" என்றார்.

யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வச்சுட்டுப் போங்க" என்று வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. எனக்கு அறுபது ஆகிவிட்டது. மணிக்கட்டு இரண்டும் காலையில் மடங்குவதில்லை. உள்ளே கட்டிலில் அண்ணன் கிடக்கிறார். களைப்பு என்பது முன்பெல்லாம் சாயங்காலம்தான் வரும், இப்போது விழிக்கும்போதே கூடவே எழுந்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு முப்பத்து நாலு. என் வீட்டுக்காரர் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார் என்று தெரிந்த மாதம் அது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டு அறையைக் கூட்டி, அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து கொடுத்தீர்கள். நான் பெட்டியை வைத்ததும் "சாப்புட வா" என்றீர்கள். அவ்வளவுதான். நான் தென்காசியிலேயே ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தேன். காலையில் போய்ச் சாயங்காலம் வருவேன். பதினாலு வருடம் ஒரே அடுப்படியில் புழங்கினோம், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிற இரண்டு பேர் மாதிரி. சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது.

வீட்டின் முன்பக்கம்தான் அண்ணனின் கடை. ஸ்டார்ட்டர், டைனமோ வேலை. குற்றாலத்துப் பங்களாக்களில் நிற்கும் பழைய கார்கள், செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் கார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். ஆறு வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது, மலைப்பாதையில் விளக்கு மங்கலாக எரிகிறது என்று மாற்றிக் கேட்பார்கள். அந்த மோட்டாருக்குள் நாலு செம்புச் சுருள் இருக்கும். ஆறு வோல்ட்டில் மின்சாரம் இரண்டு வழியாகப் பிரிந்து, இரண்டிரண்டு சுருளாகக் கடந்து போகும். பன்னிரண்டுக்கு அதை ஒரே வழியாக்கி, நாலு சுருளையும் வரிசையாகக் கடக்கும்படி கட்ட வேண்டும். கட்டாமல் அப்படியே பன்னிரண்டைக் கொடுத்தால் மோட்டார் வெறிபிடித்த மாதிரி சுற்றி என்ஜின் சக்கரத்தின் பல்லை உடைத்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நீங்கள் குழம்பு கொதிக்கிற நேரத்தில் மடியில் ஒரு சுருளை வைத்துக்கொண்டு வெள்ளை நாடா சுற்றுவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் விழுந்தது ஒரு காலையில், குழாயடியில் முகம் கழுவும்போது. வலது கையும் காலும் போயின. பேச்சில் மூன்று வார்த்தைதான் மிஞ்சியது: வா, போ, ஏலே. பார்க்க வந்த டாக்டரையும் 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார். டாக்டர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்போது கடையில் ஒரே ஒரு மோட்டார் பிரித்தபடி கிடந்தது. குற்றாலத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சாமுவேல் அண்ணாச்சியுடையது. அவருடைய அப்பா ஓட்டிய கறுப்புக் கார். இரண்டு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம்; வேதக்கோயிலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் தாத்தா காரில்தான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. விஷயம் கேள்விப்பட்டு, பிரித்த சாமான்களை வாங்கிப் போக வந்தார். நீங்கள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தீர்கள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நான் செஞ்சு தாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் போனதும் அடுப்படியில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "என்ன மதினி இது? கரண்டு சமாச்சாரம். வெளையாட்டா?"

"இத்தன வருசமா நாடா நான்தான சுத்துதேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். பதினாலு வருடத்தில் நாம் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் கட்டிலைக் கடைக்குள் தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டீர்கள். நீங்கள் தரையில் சுருள்களைப் பரப்பி வேலை பார்ப்பீர்கள். தப்பான முனையைப் பிடித்தால் அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். சரியானதைப் பிடித்தால் தட்ட மாட்டார். நாலு சுருளையும் உள்ளே பொருத்தி, லேசாகக் கரண்டு கொடுத்து, அவருடைய சின்னத் திசைகாட்டியை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோனீர்கள். முள் ஒரு சுருளில் வடக்கு என்றால் அடுத்ததில் தெற்கு காட்ட வேண்டும். நாலாவதிலும் முள் திரும்பியது. நீங்கள் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தீர்கள். அவர் "வா" என்றார். உங்கள் முகம் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். நீங்கள் உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். நானும் ஆபீஸ், வீடு, துணி என்று ஓடினேன். கடைசி இணைப்பைச் செய்து முடித்த அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுருளையும் சுருளையும் சேர்த்துப் பற்றவைத்த இடத்தில் நாடா சுற்றுவதுதான் பாக்கி.

"ஏட்டி, இதுல ரெண்டு சுத்து சுத்திரு. நான் அவுகளுக்குக் கஞ்சி கொடுத்துட்டு வாரேன்" என்று என் கையில் தந்துவிட்டுப் போனீர்கள்.

அன்று காலையில் மட்டும் மூன்று படுக்கை விரிப்பு துவைத்திருந்தேன். தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. இந்தக் கடை எதற்கு, இந்தக் கார் எதற்கு, எவன் கல்யாணத்துக்கோ நான் ஏன் நாடா சுற்ற வேண்டும் என்று ஒரு கோபம். ஒரு சுற்று சுற்றினேன். முனையை முடிச்சுப் போட்டு, மிச்ச நாடாவைப் பந்தாக உருட்டி ஓரமாகப் போட்டேன். இரும்புக் கூட்டுக்குள்ளே போகப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள்? வார்னிஷில் முக்கி வெயிலில் தொங்கவிட்டதும் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டது. மோட்டாரை மூட்டிப் பேட்டரி கொடுத்ததும் 'விர்' என்று சுற்றியது. சாமுவேல் அண்ணாச்சி கும்பிட்டு வாங்கிப் போனார்.

கல்யாணத்துக்கு உங்களையும் என்னையும் அழைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரை அண்ணனோடு இருக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் கறுப்புக் கார் பூ ஜோடித்து நின்றது. காலையிலிருந்து அதை நாலைந்து தரம் ஓட்டியிருந்தார்களாம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் பட்டனை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு முன்பக்கத்திலிருந்து புகை. யாரோ கத்தினார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் விலகினார்கள். அந்தப் பெண் வெள்ளைச் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி, ஈரத்தில் நடந்து போய் ஓர் ஆட்டோவில் ஏறினாள்.

நீங்கள் நகரவில்லை. உங்கள் வலது கை இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிடமே தெரியும், மதினி. வேறு எதுவாகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் காலை சாமுவேல் அண்ணாச்சி மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து கடை நடுவில் வைத்தார்.

"எம் பிள்ளைய கல்யாணத்தன்னைக்கு நனைய நடக்க விட்டுட்டீங்கள தங்கச்சி. பொம்பளைட்ட போயி கொடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும். என் கண்ணு முன்னால பிரிங்க."

பிரித்தீர்கள். கடைசி இணைப்பில் நாடா தேய்ந்து, செம்பு இரும்பில் பட்டு எரிந்திருந்தது. அதைக் கண்ணருகில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றேன். கரண்டியிலிருந்து குழம்பு என் காலில் சொட்டியது.

"தப்பு எங்கையிலதான் அண்ணாச்சி. நாடா பத்தல" என்றீர்கள்.

அண்ணன் கட்டிலை ஓங்கி அடித்தார். "போ! போ!" அவர் சாமுவேல் அண்ணாச்சியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு கடைக்கு யாரும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மழைக்காலமும் போனது. ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில், "அந்தம்மா கட்டுன மோட்டார் பத்திக்கிச்சுல்லா" என்று பேசிக்கொண்டார்கள். பெயர்ப் பலகையை இறக்கிவிடச் சொல்லி ஒருவர் வீடு தேடி வந்து புத்தி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதியையும் சொல்கிறேன். கடை மூடிவிட்டால் நீங்கள் அண்ணனை முழுதாகப் பார்த்துக்கொள்வீர்கள், எனக்குக் கொஞ்சம் படுக்க நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். உங்கள் பெயர் ஊரில் கெட்டுக்கொண்டிருந்தபோது நான் என் தூக்கத்தைப் பற்றி யோசித்தேன்.

தைமாசம் நீங்கள் சாமுவேல் அண்ணாச்சி விட்டுப்போன அதே மோட்டாரை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். யாரும் கேட்கவில்லை. எரிந்ததைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து கட்டினீர்கள். பத்து நாள் ஆனது. ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "ஏட்டி, இங்கன வா" என்றீர்கள். அதே கடைசி இணைப்பை என் கையில் வைத்தீர்கள். நாடாவையும் வைத்தீர்கள். திரும்பி உட்கார்ந்து அண்ணனுக்குக் கஞ்சி ஊட்ட ஆரம்பித்துவிட்டீர்கள்.

செருப்போடேயே உட்கார்ந்து சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பயத்தில் மூன்றாவதும் ஆரம்பித்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போதும். தடிச்சா உள்ள உரசும்" என்றீர்கள்.

மோட்டாரைக் கட்டைப்பையில் வைத்து, ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு குற்றாலம் போனோம். சாமுவேல் அண்ணாச்சி கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே, "எனக்கு வேண்டாம், இரும்புக்குப் போடுங்க" என்றார். நீங்கள் ஆணி மூட்டைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"மாட்டி ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. நின்னுச்சுன்னா நானே அங்கன போட்டுட்டு நடந்து வாரேன்."

கல்லாப் பக்கத்தில் அவருடைய மகள் நின்றாள். ஊருக்கு வந்திருந்தாள் போல, ஆறு மாத வயிறு. "மாட்டித்தான் பாருங்களேன்ப்பா. காரு சும்மாதான நிக்கி" என்றாள். நடந்து போனவள் அவள். அவள் சொன்ன பிறகு அவர் ஓர் ஆளைக் கூப்பிட்டு மோட்டாரை மாட்டச் சொன்னார்.

அவரே ஓட்டினார். நம்மைப் பின்னால் உட்காரச் சொன்னார். செங்கோட்டையில் நிறுத்தி அணைத்தார், மறுபடி அழுத்தினார், எடுத்தது. போகிற வழியெல்லாம் நிறுத்தி அணைத்து அழுத்திப் பார்த்தார். பண்பொழியில் மலைக்கோயில் அடிவாரத்தில் நிறுத்தி, "தங்கச்சி, ஏறிக் கும்பிடணும்னா போயிட்டு வாங்க, நிக்கேன்" என்றார். நீங்கள் கீழேயிருந்தே கைகூப்பிவிட்டு வண்டியில் ஏறினீர்கள். திரும்பும்போது இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனீர்கள். வாய் திறந்திருந்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் வண்டியை மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து, "சாமுவேல் அண்ணாச்சி சொல்லி அனுப்பிச்சாவ" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். நீங்கள் எல்லோருக்கும் சேச்சி ஆனீர்கள்.

நான் மட்டும் அதை உள்ளேயே வைத்திருந்தேன். எட்டு வருடம். உங்களுக்குச் சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தது. திரும்பி வருகிற பஸ். ஆலங்குளம் தாண்டியிருக்கும். நீங்கள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தீர்கள்.

"மதினி, அந்தக் கல்யாணக் கார். அந்த நாடா நான் சுத்துனது. ஒரு சுத்துதான் சுத்துனேன்."

கண்ணைத் திறக்காமலே, "தெரியும்" என்றீர்கள். "உனக்கு எடது கைல்லா. நாடா மறுபக்கம் சாஞ்சு கெடந்துச்சு. பிரிச்சதும் பாத்துட்டேன்."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். "பொறவு ஏன் என்னயச் சொல்லல?"

"சொன்னா நீ ரோசப்பட்டுப் பொறப்பட்டுப் போயிருப்ப. ஒத்தையில அவுகள யாரு தூக்கிப் பெரட்ட?"

அவ்வளவுதான். பாசம் என்றோ பெருந்தன்மை என்றோ நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு இன்னும் ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. முதலில் எனக்குச் சுருக்கென்றது. பாவூர்ச்சத்திரம் வருவதற்குள் அழுகை வந்தது. தென்காசியில் இறங்கும்போது உடம்பு லேசாகியிருந்தது. என்னை மன்னித்தீர்களா என்று இனி நான் யோசிக்க வேண்டியதில்லை. நான் வேண்டும் என்று நினைத்தீர்கள். என் முப்பத்து நாலாவது வயதுக்குப் பிறகு என்னிடம் அதை யாரும் சொன்னதில்லை.

கடைசி வருடத்தில் நீங்கள் சுருளைத் தொடவே இல்லை. விரல் மரத்துப்போய்விட்டது. வந்த வேலைகளைத் திருப்பி அனுப்பினோம். போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காபி கேட்டீர்கள், நான் ஆற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "வா, வா" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நாள் கூப்பிட்டார்.

எல்லோரும் சொல்கிறார்கள், அண்ணனை எங்காவது இல்லத்தில் சேர்த்துவிடு, நீயும் ஒரு மனுஷிதானே என்று. நானும் யோசிக்காமல் இல்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆபீசில் மாலை போட்டு, "இனி நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிவிட்டு அவருடைய விரிப்பை மாற்றினேன். சில நாள் பாத்ரூமில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு.

புனலூர்க்காரர் போன பிறகு மத்தியானம் மோட்டாரைப் பிரித்தேன். அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார். நாலு சுருளையும் எடுத்துக் காகிதத்தில் வரிசையாக வைத்தேன். பழைய நாடாவை நீக்கவே ஒரு மணி நேரமானது, பாதியில் கட்டை விரல் இழுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒரு சுருள் என்றால் முடியலாம். முடியாமலும் போகலாம். முடியாவிட்டால் புனலூர்க்காரரிடம் நேராகச் சொல்லிவிடுவேன், என்னால் ஆகவில்லை என்று. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

சுருளைக் கையில் வைத்திருக்கும்போதே அண்ணனைப் புரட்டுகிற நேரம் வந்துவிட்டது. கட்டிலின் இந்தப் பக்கம் நான் நின்று தோளைப் பிடிப்பேன், அந்தப் பக்கம் நீங்கள் இடுப்பைப் பிடிப்பீர்கள். ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டீர்கள். தொண்டையிலிருந்து "ம்" என்பீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து தூக்குவோம். நீங்கள் போன முதல் வாரம் நான் ஒற்றையாகத் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவர் மரக்கட்டை மாதிரி கிடந்தார். என்னவோ தோன்றி, ஒருநாள் காலியாக இருக்கிற அந்தப் பக்கத்தைப் பார்த்து, உங்கள் மாதிரியே "ம்" என்றேன். அவர் இடது காலை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுத்தார். இத்தனை வருடமும் அவர் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார், நம்மோடு சேர்ந்து அவரும் தூக்கியிருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்றைக்கும் சுருளைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். "ம்" என்றேன். அவர் புரண்டுகொண்டார்.